தென்மேற்கு மூலையில் நாலு கல்

குடும்பச் சொத்தில் தன் பங்கைத் தம்பிக்கோ அண்ணனுக்கோ சித்தப்பா மகனுக்கோ எழுதிக்கொடுக்க யாராவது வந்தால், வாங்குகிறவரைச் சாயா குடிக்க அனுப்பிவிட்டு, விற்கிறவரிடம் நான் தனியாக ஒரு கேள்வி கேட்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கிழவனுக்கு அதில் ஒரு கிறுக்கு என்று உங்களுக்குள் சிரித்துக்கொண்டதும் எனக்குத் தெரியும். நான் நிலப் பத்திரம் எழுதும் இந்த எழுத்தாபீசை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் உங்களில் ஒருவர் வீட்டுக்கு வந்து, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உதவும், பழைய அனுபவம் ஏதாவது எழுதித் தாருங்கள் என்றார். சாமர்த்தியமாக முடித்துக்கொடுத்த காரியங்கள் எனக்கும் சில உண்டு. எழுத உட்கார்ந்தால் அவை எதுவும் வரவில்லை. இதுதான் வந்தது.

நான் படித்துத் தேறி இந்தத் தொழிலுக்கு வந்தவன் அல்ல. எட்டாம் வகுப்பு பாதியில் நின்றது. காரோடு ஊரில் செங்கல் சூளையில் மண் சுமந்தேன். காட்டாக்கடைப் பக்கம் ரப்பர் வெட்டினேன். நாகர்கோவிலில் ஓட்டலில் எச்சில் இலை எடுத்தேன். தேங்காய் லாரியில் கிளியாக, அதாவது கிளீனராகப் போய், இறங்கின ஊரிலேயே ஆறு மாதம் நின்றதும் உண்டு. ஓரிடத்தில் ஒரு வருடம் தங்கினால் அதிகம். கையெழுத்து மட்டும் தமிழிலும் மலையாளத்திலும் அச்சுப்போல விழும். பாறசாலையில் ஒரு சாயாக்கடையில் யாருக்கோ மனு எழுதிக்கொண்டிருந்ததை, ஆதாரம் எழுத லைசென்ஸ் வைத்திருந்த ஒருவர் பார்த்தார். நிலப் பத்திரத்தைத்தான் எங்கள் பக்கம் ஆதாரம் என்பது. "நாளைக்கு வா" என்றார். நான் எழுதுவேன், அவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அந்த நாளை முப்பது வருடம் நீண்டது.

நாங்கள் இருப்பது கேரள எல்லைக்குள் என்பதால் ஆதாரம் மலையாளத்தில் இருக்கும். எங்கள் ஊர்களில் பேச்சு எப்படியும் ஓடிவிடும். ஆனால் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலைந்து வகுப்போடு நின்ற பழைய ஆட்களுக்கு மலையாள எழுத்து தெரியாது. அவர்களுக்கு வரிவரியாகத் தமிழில் வாசித்துச் சொல்வது என் வேலை. மண்ணைக் கைமாற்றும் நேரத்தில் அவர்கள் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் கொல்லயில் கிராமத்திலிருந்து தங்கையன் வந்தான். அவனைச் சூளைக் காலத்திலேயே தெரியும். ஒரு மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டு கொட்டகையில் சுருண்டு கிடந்தபோது, தோளில் தாங்கிப் பஸ் ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனவன் அவன். பதினோரு நாள் அங்கே கிடந்து எழுந்தேன். அவன் என்ன சொன்னாலும் செய்ய வேண்டும் என்று எனக்குள் அப்போதிலிருந்தே ஒரு நினைப்பு உண்டு.

அவன் அப்பா விட்டுப்போனது நாற்பது சென்ட் தோப்பு. பிள்ளைகள் இரண்டே பேர். மூத்தவள் ஞானபாய் அக்கா, இளையவன் தங்கையன். பாகம் பிரித்ததில்லை. ஒரே தோப்புக்குள் இரண்டு வீடு. அக்கா கணவனை இழந்தவள். அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைத்து ஒரே மகளை வளர்த்து, காட்டாக்கடையில் கட்டிக்கொடுத்திருந்தாள். இனி மகளோடு போய் இருக்கப் போகிறாள். தன் பாதியைத் தம்பிக்கே கொடுக்கிறாள். விலையில் இருவருக்கும் ஒரு வழக்கும் இல்லை.

எழுதுவதற்கு முன் நிலத்தைப் போய்ப் பார்ப்பது என் வழக்கம். அதைத் திறமை என்று நினைக்க வேண்டாம். ஆபீசில் உட்கார்ந்தே இருந்தால் எனக்குக் கால் குறுகுறுக்கும், அவ்வளவுதான். அக்கா முன்னால் நடந்து எல்லை காட்டினாள். தென்மேற்கு மூலையில், கிணற்றுக்குப் பக்கத்தில், சிமெண்ட் பூசிய ஒரு கல்லறை. தலைமாட்டில் சிலுவை. வேதமணி என்று தமிழில் பெயர். அக்காவின் கணவர். கிணறு வெட்ட வந்தவர். இந்தத் தோப்பில் இந்தக் கிணற்றை வெட்டி முடித்ததும் இந்த வீட்டுக்கே மாப்பிள்ளையாகி, இங்கேயே தங்கிவிட்டவர். சபைக்குக் கல்லறைத் தோட்டம் இருந்தாலும், மண் உள்ளவர்கள் இறந்தவர்களைச் சொந்த மண்ணிலேயே அடக்குவதுதான் எங்கள் பக்கத்தில் நடப்பு.

கல்லறையை ஒட்டி ஓர் ஆள் நீளத்துக்கு வெற்றிடம். ஒரு புல் இல்லாமல் பெருக்கியிருந்தது. நாலு மூலைக்கும் நாலு வெட்டுகல்.

"இது என்ன அக்கா?"

"அது எனக்க எடமாக்கும் மக்கா. தம்பிக்கு எல்லாம் குடுத்தாலும் இத நான் குடுக்கல்ல. இதும், ரோட்டில இருந்து இஞ்ச வந்து போக ஒரு நடவழியும். எழுதிக்கோ."

"இப்பமே என்ன அவசரம்?"

"அவசரம் ஒண்ணும் இல்ல. அவருக்குக் கொறட்ட உண்டு. இருபத்தஞ்சு வருசம் அந்தச் சத்தத்தில ஒறங்கிப் பழகிப்போச்சு. வேற எங்க கொண்டு போட்டாலும் எனக்கு ஒறக்கம் பிடிக்காது."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். தங்கையனும் சிரித்தான். "அத்தான் எந்திரிச்சு ஓடிரப் போறாரு, பாத்துக்கோ."

"ஓடினா நீ பிடிச்சோண்டு வா. அதுக்குத்தானே ஒனக்கு எழுதித் தாறது."

நான் நோட்டை எடுத்துக் குறித்தேன். அந்தப் பக்கம் இன்றும் என்னிடம் இருக்கிறது. "தென்மேற்கு மூலை. ஒன்றரை சென்ட். கல்லறை ஒன்று, நாலு கல் போட்ட இடம் ஒன்று. ரோட்டிலிருந்து மூன்றடி வழி. இவை நீக்கி."

இரண்டு நாள் கழித்து தங்கையன் தனியாக வந்தான். சாயாக்கடைக்கு அழைத்துப் போனான்.

"எலே, அந்த மூலக் காரியம் எழுதித்தான் ஆகணுமா?"

"அக்கா சொன்னாளே."

"நான் இல்லண்ணா சொல்லுதேன்? ஆதாரத்தில கல்லறைண்ணு ஒரு வாக்கு கெடந்தா பேங்குக்காரன் அத தொடுவானா? தோப்ப முறிச்சு ரப்பர் வைக்கணும். அதுக்கு லோன் எடுக்கணும். எனக்க அக்காவ நான் அடக்காம பின்ன பஞ்சாயத்துக்காரனா வந்து அடக்குவான்? ஒரே வயித்தில பொறந்ததாக்கும். எங்களுக்கு எடையில இதெல்லாம் எழுதி வச்சா ஆளுவ சிரிக்கும்."

"அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லியாச்சு, சொல்லியாச்சு" என்று கிளாசுக்குள் பார்த்துக்கொண்டு சொன்னான். சொல்லவில்லை என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது. மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

தங்கையன் கெட்டவன் அல்ல. அந்த ஒரு பொய்யைத் தவிர அவன் சொன்னதெல்லாம் மனதார நினைத்ததுதான். அக்காவை அந்த இடத்தில் அடக்க வேண்டும் என்றுதான் அவனும் நினைத்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கெட்டவன் வந்து உட்கார்ந்தால் நம் கை தானாகவே கவனமாக இருக்கும். நல்லவன் வரும்போதுதான் பேனா வழுக்குகிறது. அதிலும் வாங்குகிறவன் உங்களுக்கு எப்போதோ உபகாரம் செய்தவனாக இருந்தால், அந்த ஆதாரத்தை நீங்கள் எழுதாதீர்கள். பக்கத்து மேசைக்குக் கொடுத்துவிடுங்கள்.

மற்றதெல்லாம் நான் பார்த்தேன். அப்பாவின் பெயரில் இருந்த பழைய ஆதாரம் சரி. கரம், அதாவது நிலவரி, தீர்த்த ரசீது சரி. வேறு வாரிசு இல்லை என்று வில்லேஜ் ஆபீசில் போய் உறுதி செய்தேன். கடன், வழக்கு ஒன்றும் இல்லை. காகிதத்தில் ஒரு குற்றம் சொல்ல முடியாத ஆதாரம். எழுதும்போது நோட்டின் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் எழுதினேன்.

லைசென்ஸ்காரர் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டார். "எடம் போய்ப் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"ஒண்ணும் நீக்க இல்லியே?"

"இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றி ஒருதரம் என்னைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

பதிவு அன்று சப்ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் நல்ல கூட்டம். அக்கா வெள்ளை வேட்டியும் மேல்துணியாக நேரியதுமாக, ஆலயத்துக்குப் போவதுபோல வந்திருந்தாள். வராந்தாவில் வைத்து நான் அவளுக்கு வாசித்துச் சொன்னேன். வேகமாகத்தான் சொன்னேன். நாலெல்லை, அளவு, தொகை, இனி வரும் கரத்தை வாங்குகிறவரே தீர்க்க வேண்டும், இதில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ இனி உரிமை இல்லை. முடிக்குமுன் உள்ளே பெயர் கூப்பிட்டார்கள்.

மேசைக்கு முன்னால் அக்கா, தங்கையன், இரண்டு சாட்சிகள், பின்னால் நான். ஆபீசர் தலை நிமிராமல் கேட்டார். "வாயிச்சு கேட்டல்லோ?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். "மக்கா, அந்த எடம் எழுதியிருக்கல்லா?"

இந்த இடத்தில் உங்களை நிறுத்துகிறேன். அந்த நேரத்தில் என்ன செய்திருக்கலாம் என்று எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். "சார், ஒரு வரி விட்டுப்போச்சு" என்று சொன்னால் போதும். ஆதாரத்தை வெளியே கொண்டுவந்து, கடைசிப் பக்கத்தில் ஒன்றரை வரி சேர்த்து, திருத்தம் என்று குறித்து, இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கலாம். கால் மணி நேர வேலை. ஆபீசர் எரிந்து விழுவார். தங்கையன் முகம் சுருங்கும். லைசென்ஸ்காரர் அன்று முழுக்க என்னோடு பேசமாட்டார். இவ்வளவுதான் நடந்திருக்கும். அன்று அது எனக்கு மலைபோலத் தெரிந்தது.

"எல்லாம் சரியா இருக்கு அக்கா" என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல், ஆதாரத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அக்கா தமிழில் நிறுத்தி நிறுத்தி, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள். வெளியே வந்து எல்லோருக்கும் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தாள். நானும் தின்றேன். ஒரு நகல் வேண்டும் என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு மூன்று வருடம் தங்கையன் உயிரோடு இருந்தான். அந்த மூன்று வருடத்தில் எந்த நாளிலும் அக்காவும் தம்பியும் வந்து ஒரு பிழைதிருத்தல் ஆதாரம் எழுதியிருக்கலாம். நான் சொல்லியிருந்தால் வந்திருப்பார்கள். அக்கா மாதத்துக்கு ஒருமுறை காட்டாக்கடையிலிருந்து பஸ்ஸில் வருவாள், அந்த மூலையைப் பெருக்குவாள், திரும்பும் வழியில் எழுத்தாபீஸ் வாசலில் நின்று "சுகமா மக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். நானும் "சுகம் அக்கா" என்பேன். ஒவ்வொரு முறையும், அடுத்த முறை சொல்லலாம் என்று நினைப்பேன்.

ஒருநாள் காலையில் பால் கொண்டுபோன வழியில் தங்கையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அவ்வளவுதான். அவன் மனைவிக்குக் கல்யாண வயதில் பெண் இருந்தாள். லோன் பாக்கியும் நின்றது. ஒரு வருடத்துக்குள், கல்ஃபிலிருந்து திரும்பிய ஒருவருக்குத் தோப்பை முழுக்க விற்றாள். அந்த ஆதாரத்தை எழுதியது வேறு ஆபீஸ். அவர்கள் எங்கள் ஆதாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினார்கள். அதில் இல்லாதது இதிலும் இல்லை. இதில் அவர்களைக் குறை சொல்ல வழியில்லை.

வாங்கியவர் சுற்றுமதில் கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார். அதற்குள் தென்மேற்கிலும் ஒரு புது ரோடு வந்திருந்தது. கேட் வைக்க வசதியான இடம் அந்த மூலைதான். அக்கா வந்து சொன்னபோது அவர் பழைய கல்லறையைத் தொடமாட்டேன் என்றாராம். மதிலை வளைத்துக் கட்டிக்கொள்ளவும் சம்மதித்தாராம். "பழசு கெடக்கட்டும் அம்மா. புதுசு வேண்டாம்" என்றாராம்.

மறுநாள் அக்கா என் மேசைக்கு வந்தாள். வேர்வையோடு, கையில் பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்த நகலோடு.

"மக்கா, அந்த ஆளு நல்ல மனுசன்தான். எழுத்தில இருந்தா செய்து தாறேண்ணு சொல்லுதாரு. அந்த வரி எங்கண்ணு காட்டித் தா. நாளைக்கு மெம்பரயும் சபை உபதேசியாரயும் கூட்டிட்டுப் போறேன்."

மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் இருந்தார்கள். லைசென்ஸ்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் நகலைப் பிரித்தேன். என் கையெழுத்து. முதலிலிருந்து மெதுவாக வாசித்துக்கொண்டு வந்தேன். அக்கா ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள். கடைசிப் பக்கம் வந்தது. இனி வரும் கரத்தை வாங்குகிறவரே தீர்க்க வேண்டியது என்ற வரி. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நான் தமிழில் சொன்னேன். "தென்மேற்கு மூலையில ஒன்றரை சென்ட் இடமும் மூணடி வழியும் நீக்கி."

அக்கா பெருமூச்சு விட்டாள். "இதுதானா? ஒரு கோடு போட்டுத் தா மக்கா. எனக்கு எடம் தெரியாது."

மேசையில் இருந்த பென்சிலை எடுத்து, கரம் தீர்க்கும் வரியின் அடியில் நீளமாக ஒரு கோடு போட்டேன்.

ஏன் செய்தாய் என்று நீங்கள் கேட்கலாம். அவள் அன்றைக்கு நிம்மதியாகப் போகட்டும் என்று நினைத்தேன் என்று கொஞ்ச காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த ஐந்தாறு பேருக்கு முன்னால் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து சாயாக்கடையில் வார்டு மெம்பர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த அம்மா என்ன கெத்தா காகிதத்த நீட்டுச்சு தெரியுமா? இந்தா கோடு போட்டிருக்கு, வாசியுங்கண்ணு. அந்த ஆளுக்க மக காலேஜில படிக்கியவளாக்கும். சத்தமா வாசிச்சா. கரம் தீர்க்கேண்டது வாங்ஙுந்நயாளாகுந்நு! கரம் யாரு கட்டணுங்கிற வரியக் காட்டிட்டு குழி வெட்ட எடம் கேக்குதாங்க!" கடை முழுக்கச் சிரித்தது. மெம்பர் என்னைப் பார்த்து, "எலே, ஒங்க ஆபீசு காகிதமாக்கும் அது" என்றார். நானும் சிரித்தேன். கூட்டத்தோடு சேர்ந்து, பல் தெரிய.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பியது. மறுநாள் ஆபீசுக்குப் போகவில்லை. காட்டாக்கடை பஸ் ஏறினேன்.

மகள் ஷீலாவின் வீட்டுப் பின்பக்கம் அக்கா மரச்சீனிக் கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். "வா மக்கா. இரி" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டில் எழுதியது, தங்கையன் கேட்டது, ஆபீசில் சொன்ன வார்த்தை, கோடு. அவள் சீவுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அண்ணைக்கு ஆபீசரு முன்னால நான் கேட்டப்ப நீ எனக்க மொகத்தப் பாக்கல்ல. எனக்கு அப்பமே நெஞ்சில ஒண்ணு தட்டுச்சு."

"பின்ன ஏன் அக்கா கையெழுத்துப் போட்டீங்க?"

"அத்தன பேரு நிக்காங்க. நீ நம்ம வீட்டில கெடந்த பிள்ள. ஒன்ன நம்பல்லண்ணு அம்புட்டு பேருக்கு முன்னால எப்பிடிக் காட்டுகது?"

அப்போதுதான் எனக்கு அந்தப் பதினோரு நாள் நினைவுக்கு வந்தது. தங்கையன் என்னைக் கொண்டுபோய்க் கிடத்தியது உண்மை. காலையில் அவன் சூளைக்குப் போய்விடுவான். கஞ்சி காய்ச்சி, பக்கத்தில் உட்கார்ந்து, பயறு மசித்து ஊட்டியது யார்? அண்டியாபீசுக்குப் போகாமல் லீவு போட்டு இருந்தது யார்? ஓர் உபகாரத்துக்கு நன்றி காட்டுகிறேன் என்று இத்தனை வருடம் நான் தவறான ஆளைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அக்கா கை கழுவிவிட்டு உள்ளே போய் நகலை எடுத்துவந்தாள். பேத்தியின் பள்ளிக்கூடப் பெட்டியிலிருந்து அழிரப்பர் ஒன்றையும் எடுத்து வந்தாள்.

"இந்தக் கோட்ட நீயே அழிச்சுத் தா. எனக்குப் பொறவு ஷீலா இத எடுத்து எவனுக்காவது காட்டி, அவளும் சிரிப்புக்கு ஆளாகண்டாம்."

நான் முழங்காலில் வைத்து அழித்தேன். அழுத்திப் போட்ட கோடு. கருப்பு போய்விட்டது, தடம் போகவில்லை. இன்னும் அழித்தால் தாள் கிழியும். "மதி, போதும்" என்று வாங்கிக்கொண்டாள்.

"கஞ்சி இருக்கு. குடிச்சிட்டுப் போ."

குடித்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி?

அங்கிருந்து நேராக வாங்கியவரின் வீட்டுக்குப் போய், அந்த அம்மா சொன்னது உண்மை, எழுதாமல் விட்டது நான் என்று சொன்னேன். நோட்டைக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மலையாளத்தில், கோபமில்லாமல், ஒன்று கேட்டார். இருப்பதை இல்லாமல் எழுதினீர்கள், இல்லாததை இருப்பதாக வாசித்தீர்கள், இப்போது நீங்கள் சொல்வதை எதை வைத்து நம்புவது? நோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். லைசென்ஸ்காரரிடமும் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரு மாதம் எனக்கு எழுத்து வேலை தரவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நம்பர் எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஊரைவிட்டுப் போய்விடத்தான் தோன்றியது. அதுவரை எத்தனையோ இடங்களை விட்டு அப்படிப் போயிருக்கிறேன். இந்த முறை போகவில்லை. பையைக் கட்டிய பிறகு போகாமல் இருந்தது வாழ்க்கையில் அது ஒரு முறைதான்.

அந்த மாதம் வராந்தாவில் வந்ததுதான் அந்தக் கேள்வி. விற்கிறவரைத் தனியாக உட்காரவைத்து நான் கேட்பது இதுதான்: "எழுதிக் கொடுத்த பிறகும் உங்களுடையது என்று நீங்கள் மனதில் வைத்திருப்பது என்ன?" முதலில் எல்லோரும் ஒன்றுமில்லை என்பார்கள். சும்மா இருங்கள். ஒரு பீடி பற்றவைக்கிற நேரம் பொறுத்தால் வரும். கிணற்றில் வெள்ளம் கோரிக் குடிக்க வேண்டும் என்பார் ஒருவர். அம்மா சாகும்வரை வடக்கு அறையில் இருக்க வேண்டும் என்பார். அப்பா நட்ட பலாவில் வருடத்துக்கு இரண்டு சக்கைப்பழம் என்றுகூட ஒருவர் சொன்னார். வந்ததை அப்படியே எழுதுங்கள். வாங்குகிறவர் சாயா குடித்துவிட்டு வந்து, எங்களுக்குள் இதெல்லாம் என்னத்துக்கு என்று முகம் சுளிப்பார். சொந்தத்துக்குள் பிரச்சினை கிளப்புகிறவன் என்று உங்களைச் சொல்வார். சொல்லட்டும். எழுத மறுத்தால், விற்கிறவருக்கு அது அப்போதே தெரியட்டும், கையெழுத்துக்கு முன்னால். எழுதி முடித்ததை அவருக்குத் தெரிந்த மொழியில் வாசியுங்கள். வாசிக்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். இதற்கு லைசென்ஸ் வேண்டாம். எட்டாம் வகுப்பு போதும்.

தொண்ணூறுகள் முடியும் சமயம் அக்கா போய்விட்டாள். காட்டாக்கடையில் ஷீலாவின் சபைக் கல்லறைத் தோட்டத்தில், அவளுக்கு அறிமுகமில்லாதவர்களுக்கு நடுவே அடக்கினார்கள். நான் பின்னால் நின்றேன். எல்லோரும் கலைந்த பிறகு ஷீலா என்னிடம் வந்தாள்.

"அண்ணா, கடைசி வாரம் நான் அழுதேன். அப்பாகூட ஒனக்கு எடம் இல்லாமப் போச்சேண்ணு. அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? இஞ்ச கொறட்டச் சத்தம் இல்ல, இனியாவது நான் நல்லா ஒறங்குதேண்ணு."

அவள் கையில் அந்தப் பிளாஸ்டிக் கவர் இருந்தது. "இது இனி எங்களுக்கு வேண்டாம். நீங்களே வச்சுக்கோங்க" என்றாள்.

வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வரும்போது காட்டுகிறேன். கடைசிப் பக்கம், கீழிருந்து நாலாவது வரி. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விரலை வைத்துப் பாருங்கள்.